கல்யாணத்துக்குக் கலர் அப்புறம், துணி முதலில்!

வணக்கம் மக்களே! தி.நகர் பனகல் பார்க் பக்கம் நின்றுதான் பேசுகிறேன், ஹார்ன் சத்தத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆவணி முகூர்த்தத்துக்குக் கூட்டம் அள்ளுகிறது. பெண், அம்மா, அத்தை, பெரியம்மா என்று ஒரு வேன் நிறைய வந்து இறங்குகிறார்கள். பேச்செல்லாம் அரக்கா, மாம்பழ மஞ்சளா, பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமி பெயரில் வழங்குகிற எம்.எஸ். ப்ளூவா என்றுதான். என்ன துணி என்று கேட்க ஆளில்லை. அதைக் கட்டிக்கொண்டு பாதி நாள் உட்காரப் போவது அந்தப் பெண்தானே!

முகூர்த்தத்தில் இருந்து ஆரம்பிக்கிறேன். ஹோமத்துக்குப் பக்கத்தில் மணையில் உட்கார வேண்டும். அங்கே அசல் பட்டுதான் என் ஓட்டு. சம்பிரதாயம் ஒரு பக்கம் இருக்கட்டும். பட்டு சட்டென்று பற்றாது, பற்றினாலும் கருகி உதிர்ந்துவிடும். பாலியஸ்டர் அப்படியில்லை, உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். சென்னை வேர்வையையும் பட்டு உறிஞ்சிக்கொள்ளும். ஆர்ட் சில்க் என்று எழுதியிருந்தால் அது பட்டே இல்லை, செயற்கை இழை. தோழிகள் ரிசப்ஷனுக்குக் கட்ட ஜோராக இருக்கும், அக்னி முன்னால் வேண்டாம்.

சரி, அசல் பட்டு என்று எப்படி நம்புவது? மத்திய பட்டு வாரியத்தின் முயற்சியில் 2004-ல் வந்த சில்க் மார்க் லேபிள் இருக்கிறதா பாருங்கள். ஆனால் அந்த லேபிள் நூல் பட்டு என்று மட்டும்தான் சொல்லும். கைத்தறியா, சரிகை எப்படிப்பட்டது என்பதற்கு அது பொறுப்பில்லை. கைத்தறிக்குத் தனி முத்திரை உண்டு. நல்ல சரிகையில் உள்ளே பட்டு நூல், அதன் மேல் வெள்ளி, அதற்கும் மேல் தங்க முலாம். செம்பில் செய்ததும் பளபளக்கும், நாளாக நாளாகக் கறுத்துவிடும். அதனால் என்ன சரிகை என்று கேட்டு, அதையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிற கடையில் நான் காசை வெளியே எடுக்க மாட்டேன்.

இந்தப் புடவையைப் பாருங்கள், கேமராவைக் கிட்டே கொண்டு வருகிறேன். காஞ்சிபுரம் கோர்வை. பாடி ஒரு நிறம், பார்டர் வேறு நிறம். தறியில் குறுக்கு நூலைக் கொண்டுபோகிற கட்டைக்கு நாடா என்று பெயர். இரண்டுக்கும் தனித்தனி நாடா ஓடும், சேரும் இடத்தில் ஒவ்வொரு வரியிலும் ஊடை நூல்கள், அதாவது அந்தக் குறுக்கு நூல்கள், ஒன்றையொன்று கோத்துக்கொள்ளும். பின்பக்கம் திருப்பி விரலை ஓட்டினால் சின்னச் சின்னப் பல்லாகத் தட்டுப்படுகிறது இல்லையா? பாடியின் நிறம் பார்டருக்குள் கசியவே இல்லை. தறியில் துணைக்கு இன்னொரு ஆள் உட்கார்ந்து நாடா தள்ளுகிற வேலை இது. விலை கூடத்தான் செய்யும்.

எடையையும் பாருங்கள். உடல் முழுக்கச் சரிகை போட்டது ஒரு கிலோவைத் தாண்டும். ஒல்லியான பெண்ணுக்குக் கொசுவம் படியாமல் முட்டிக்கொண்டு நிற்கும். கடையில் கட்டிவிட ஆள் இருப்பார்கள். கட்டி, கண்ணாடி பார்த்ததோடு நிறுத்தாமல் ஒரு தடவை சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுந்திருங்கள். யார் பார்த்தால் என்ன! மடிசார் கட்டுகிறவர்களுக்குக் கூறைநாட்டுப் புடவை நல்ல யோசனை. பழைய முறையில் பட்டும் பருத்தியும் கலந்து நெய்வதால் உடம்புக்கு இதமாக இருக்கும்.

ரிசப்ஷன் கதையே வேறு. ஏசி ஹால், கண்ணைக் கூசும் லைட், மணிக்கணக்கில் நிற்க வேண்டும். ஜார்ஜெட் உடம்போடு விழும், கசங்காது. ஆர்கன்சா குடை மாதிரி விரிந்து நிற்கும், கொஞ்சம் பூசினாற்போல் இருப்பவர்களை இன்னும் பருமனாகக் காட்டும். சாட்டின் போட்டோவில் அள்ளும், ஆனால் தண்ணீர் தெறித்தாலும் தெரியும், பின் குத்தினாலும் தெரியும். சர்ச்சுக்கு வெள்ளை கவுன் தைப்பவர்கள் இதை முக்கியமாகக் கவனியுங்கள். கனமான க்ரேப் எடுத்தால் இந்தத் தொல்லை குறைவு. நெட் என்றால் இடுப்பிலும் கையிலும் சுரண்டும், உள்ளே மெல்லிய லைனிங் கட்டாயம். மீட்டர் கணக்கில் எடுக்க சௌகார்பேட்டைக்கும் கோடவுன் தெருவுக்கும் காலையிலேயே போய்விடுங்கள். மத்தியானத்துக்கு மேல் அங்கே நடக்கவே இடம் இருக்காது. வெள்ளையிலேயே பத்து வெள்ளை இருக்கிறது, டியூப்லைட்டை நம்பாமல் துணியை வாசலுக்கு எடுத்து வந்து பாருங்கள்.

அப்புறம் பிளவுஸ். கொக்கி ஊசியால் போடுகிற ஆரி வொர்க் நிறையப் போடுவதாக இருந்தால், கொஞ்சம் தடித்த ரா சில்க் எடுங்கள், கல்லும் மணியும் இழுத்தாலும் தாங்கும். மெல்லிய பட்டில் போட்டால் தையல் ஓரம் விட்டுப்போகும். லைனிங் சுத்தக் காட்டனாக இருக்கட்டும். அதை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து, அதன் பிறகுதான் தையற்காரரிடம் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் முதல் தடவை நனைத்ததுமே சுருங்கி மேல்துணியை இழுத்துவிடும். உள்ளே இரண்டு பக்கமும் தாராளமாகத் துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். நிச்சயதார்த்தத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் எத்தனை வீட்டு விருந்து இருக்கிறது!