மலைமேல் பந்து: அளந்து போடு

தலைவர் அவர்களே, மன்றச் செயலாளர் அவர்களே, வளைவுகளைப் பொருட்படுத்தாமல் மலையேறி வந்திருக்கும் உடற்கல்வி அலுவலர் அவர்களே, காலையிலிருந்து நாற்காலி போட்ட தம்பிமார்களே, முன்வரிசையில் டென்னிஸ் ராக்கெட்டோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

மலைமேல் டென்னிஸ் ஆடுவது பற்றி, பந்து, ராக்கெட்டில் கட்டும் ஸ்ட்ரிங், ஆடுகிற மண் என்று மூன்று விஷயம் சொல்லப்போகிறேன். மூன்றுக்கும் பழமொழி ஒன்றுதான்: ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு.

ஈக்வடார் ஓப்பன் என்று ஒரு போட்டி இருந்தது. ஆண்கள் தொழில்முறை டென்னிஸ் சுற்றான ஏடிபி-யில் 250 வகை, செங்கல்பொடி மைதானம். தலைநகர் கீட்டோவை ஒட்டிய கும்பாயாவில், நம் ஊட்டியைவிடச் சற்றே உயரத்தில் நடந்தது. 2015 முதல் 2018 வரை நாலே வருஷம். 2019-ல் போட்டி அட்டவணையில் அந்த வாரம் அர்ஜென்டினாவின் கோர்டோபாவுக்குப் போய்விட்டது.

அந்த நாலில் மூன்றை ஒரே ஆள் தூக்கிக்கொண்டு போனார்! டொமினிக்கன் குடியரசின் விக்டர் எஸ்ட்ரெயா புர்கோஸ். 2015-ல் இறுதியாட்டத்தில் ஃபெலிசியானோ லோப்பஸை வென்றபோது வயது 34. முதல் ஏடிபி பட்டத்தை அவ்வளவு வயதில் வாங்கியவர் ஓப்பன் காலத்தில், அதாவது 1968-லிருந்து, அதுவரை யாருமில்லை. அடுத்த வருஷம் இறுதியாட்டத்தில் பெலூச்சியை வென்றார், அதற்கடுத்து லொரென்ஸியை. மூன்று இறுதியாட்டமும் மூன்று செட், மூன்றிலும் 6-6 சமநிலையைத் தீர்க்கும் டைபிரேக். பிள்ளைகளே, இன்னொன்று கேளுங்கள்: வேறெந்த ஊரிலும் அவர் ஏடிபி ஒற்றையர் பட்டம் வாங்கவேயில்லை. நாலாம் வருஷம் தகுதிச்சுற்றில் ஆடி உள்ளே வந்த கர்பயேஸ் பயேனா பட்டத்தைத் தட்டிச் சென்றார்.

அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பந்தைப் பிடித்து இழுக்கக் காற்றில்லை. டாப்ஸ்பின், அதாவது முன்சுழற்சி, போட்டாலும் பந்து கீழே வளைவது குறைகிறது. நல்ல அடி மைதானத்தின் பின்கோடான பேஸ்லைனைத் தாண்டி விழுகிறது. வெளியழுத்தம் குறைவதால், உள்ளே காற்றடைத்த பந்து விறைத்துக்கொண்டு கூடுதலாக எகிறுகிறது. ஸ்ட்ரிங்கை ஒன்றிரண்டு கிலோ கூட்டி இறுக்கினால் கொஞ்சம் அடங்கும். அதையும் அரைக்கிலோ அரைக்கிலோவாகக் கூட்டிப் பாருங்கள். அளந்து போடு!

இனி நான் வந்த காரியம். 1,219 மீட்டருக்கு மேலே ஆட விதியே தனிப் பந்தை அனுமதிக்கிறது. ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு எல்லாம் அந்தக் கணக்கில் வரும். சோதிக்க ஒரு டேப் போதும். சிமெண்டுத் தரையில் 254 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து பந்தைத் தள்ளாமல் கையை மட்டும் விடுங்கள். எகிறும் உயரத்தைப் பந்தின் அடிப்பாகத்திலிருந்து பாருங்கள். சாதாரணப் பந்துக்கு விதி 135 முதல் 147. உயரப் பந்துக்கு 122 முதல் 135. இந்த எண்கள் கடல்மட்டக் காற்றழுத்தத்தில் அளப்பவை; மலையில் எகிறல் கொஞ்சம் கூடும். இங்கே 147-ஐத் தாண்டுகிற பந்தைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு, ‘ஏன் வெளியே அடிக்கிறாய்?’ என்று திட்டுவது என்ன நியாயம்? காற்றடைக்காத பந்து வாங்கினால், ஆடுகிற உயரத்திலேயே 60 நாள் வைத்திருந்து பிறகு எடுங்கள். அவசரப்பட்டுப் பெட்டியைப் பிரித்து ஆட வேண்டாம்.

மண்ணைப் பற்றிச் சொல்வதற்குள் செயலாளர் சீட்டு அனுப்பிவிட்டார். அலுவலர் அவர்களே, ஒன்றே ஒன்று. அடுத்த கொள்முதல் பட்டியலில் மலைப்பள்ளிகளுக்கு ‘டென்னிஸ் பந்து’ என்று மட்டும் எழுதாமல், ‘உயரமான இடத்துக்கான பந்து’ என்று எழுதிவிடுங்கள். டேப்பை மேசைமேல் வைத்துவிட்டுப் போகிறேன். வணக்கம்.