கிழவிக்குப் பூ

நடுவர் ஐயாவுக்கும் அவையோருக்கும் வணக்கம். இன்றைய கட்டடத்துக்குக் கைவேலை அழகு அவசியமா, ஆடம்பரமா? அவசியம்தான்னு பேச வந்திருக்கேன்.

எதிரணித் தம்பி என்ன சொன்னார்? இந்தக் காலத்துக் கட்டடத்துல சித்திர வேலை செய்யறது "கிழவிக்குப் பூ வைக்கிற கதை"ன்னார். நீங்களும் கை தட்டினீங்க. அந்தக் கிழவியை நான் விடப்போறதில்லை ஐயா. கொஞ்ச நேரத்துல மேடைக்கே கூட்டிட்டு வர்றேன்.

அதுக்கு முன்னால, தம்பி வியன்னாவுல இருந்து அடால்ஃப் லூஸைச் சாட்சிக்கு இழுத்தாரு. அலங்காரம் குற்றம்னு சொன்ன கட்டடக் கலைஞர். 1910 வாக்குல அவர் அரண்மனைக்கு எதிர்லயே ஒரு கட்டடம் கட்டினாரு. மேல்மாடி ஜன்னலைச் சுத்தி ஒரு வேலைப்பாடு கிடையாது. 'புருவமில்லாத வீடு'ன்னு ஊரே கேலி பண்ணுச்சு. தம்பி மாடியைச் சொன்னார், கீழ்த்தளத்தைச் சொல்லலையே! கீழே பச்சை வரி ஓடுற சலவைக்கல்லு. அதை இழைச்சுப் பதிச்சது யார் கை?

செலவு ஜாஸ்தின்னார். திருவனந்தபுரத்துல லாரி பேக்கர்னு ஒரு கட்டடக் கலைஞர் ஜன்னலுக்கு மரமும் கண்ணாடியும் தேடலை. செங்கல்லையே இடைவெளி விட்டு அடுக்கினார். காத்தும் வந்தது, வெளிச்சமும் வந்தது, தரையில வெயில் கோலமும் விழுந்தது. காசு மிச்சம்!

காரைக்குடி பக்கம் ஆத்தங்குடிக்கு வாங்க. தரையில பதிக்கிற வண்ணக் கல்லைக் கையாலயே செய்யறாங்க. கண்ணாடி மேல அச்சை வெச்சு, கட்டத்துக்குக் கட்டம் வண்ணக் கலவையைக் கரண்டியால ஊத்துவாங்க. அச்சைத் தூக்கினதும் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, மேல ஈரக் கலவையை நிரப்பித் தேய்ப்பாங்க. அப்புறம் தண்ணித் தொட்டி. சூளை கிடையாது, நெருப்பு கிடையாது. அந்தக் கண்ணாடியோட பளபளப்புதான் கல்லுல ஏறி நிக்குது. இன்னிக்குப் புதுசா கட்டுற வீட்டுக்கும் ஹோட்டலுக்கும் அதைத் தேடி வர்றாங்களே, எதுக்கு?

சரி, கிழவிக்கு வர்றேன். எங்க அப்பத்தா. கடைசி ஒன்பது வருஷம் ரெண்டு கண்ணும் தெரியாது. ஆனா ஊர் வீட்டுல ஒரு நாள் தடுமாறினதில்லை. நிலையில கை வைப்பா. கிளி தட்டுப்பட்டா கூடம். தாமரை தட்டுப்பட்டா சாமி ரூம். ஒண்ணுமே இல்லைன்னா அடுப்படி! அந்தக் கிளிக்கு மூக்கே கிடையாது ஐயா. அத்தனை பேர் கை பட்டுப் பட்டுத் தேஞ்சு போச்சு.

வீட்டைப் பாகம் பிரிச்சாங்க. மதுரையில நாலாவது மாடிக்கு வந்தோம். நாலு ரூமுக்கும் ஒரே மாதிரி நிலை, ஒரே வழவழப்பு. முதல் நாள் ராத்திரி ரெண்டு மணி. எந்திரிச்சு வந்து பார்த்தா, நடையில நின்னு சுவத்தைத் தடவிக்கிட்டு இருக்கா. கையை மேல கொண்டு போறா, கீழ கொண்டு வர்றா, மறுபடி மேல கொண்டு போறா.

"என்ன அப்பத்தா தேடுற?"

"கிளியைக் காணோம்டா."

கேட்டீங்களா ஐயா? என் ரூம் எங்கேன்னு கேக்கலை. விளக்கைப் போடுன்னு சொல்லலை. அவளுக்கு விளக்கு எதுக்கு? "கிளியைக் காணோம்டா"ன்னா. சொந்த மகன் வீட்டுல, ஆறடி நடையில, என் அப்பத்தா தொலைஞ்சு போய் நின்னா.

மறுநாளே அப்பா ஊருக்குப் போய் ஆசாரியைக் கூட்டிட்டு வந்தார். உள்ளங்கை அகலத் தேக்குத் துண்டு. அதுல ஒரு தாமரை செதுக்கி, அப்பத்தா ரூம் நிலையில, அவ கை எட்டுற உயரத்துல திருகாணி போட்டு முடுக்கினார். அப்பத்தா ஒவ்வொரு இதழா தொட்டு எண்ணினா. எட்டு. "இது என் ரூமு"ன்னு உள்ள போய்ப் படுத்துக்கிட்டா. அதுக்கப்புறம் ஒரு ராத்திரிகூட வழி தவறலை.

ஆமா தம்பி. நாங்க கிழவிக்குப் பூ வெச்சோம்.

அப்பத்தா போய் ஆறு வருஷம் ஆச்சு. அந்தப் பூ நிலையில அப்படியே இருக்கு. மேல் இதழ் ரெண்டும் தேஞ்சு மழுங்கிப் போயிருக்கு.