பந்தியில் இலை இல்லை, அடுப்படியில் மட்டும் இடம்: நேட்டோ வாசலில் மூன்று நாடுகள்

வணக்கம் மக்களே. வெளியே நல்ல மழை, மைக்கில் தகரக் கூரைச் சத்தம் கேட்டால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு நேட்டோ பற்றித்தான், அதாவது அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்த ராணுவக் கூட்டணி பற்றித்தான் பேசப் போகிறேன், ஆனால் உள்ளே உட்கார்ந்திருக்கும் 32 நாடுகளைப் பற்றி இல்லை, வாசலில் நிற்பவர்களைப் பற்றி. உறுப்பினராகவே இல்லாத ஒரு நாடு, அந்தக் கூட்டணி எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும், எப்படிச் சண்டை போட வேண்டும் என்பதையெல்லாம் மாற்ற முடியுமா?

விதிப்படி முடியாது. நேட்டோவில் ஓட்டெடுப்பே கிடையாது, எல்லா உறுப்பினரும் தலையாட்டினால்தான் எதுவும் நகரும். வெளியில் இருப்பவர் தலையை ஆட்டினால் என்ன, ஆட்டாவிட்டால் என்ன. ஆனால் நடைமுறை வேறு மாதிரி.

முதலில் ஜார்ஜியா, எனக்கு மனசு கனக்கிற கதை. 2008 ஏப்ரலில் புகாரெஸ்டில் நடந்த நேட்டோ மாநாட்டில் ஜார்ஜியாவும் உக்ரைனும் ஒருநாள் உறுப்பினராகும் என்று அறிவித்தார்கள். கல்யாணப் பத்திரிகை வைத்துவிட்டுத் தேதியை மட்டும் போடாமல் விட்ட மாதிரி. நாலே மாதத்தில், ஆகஸ்டில், ரஷ்யாவோடு போர். அதற்குப் பிறகும் ஜார்ஜியா சும்மா இருக்கவில்லை. ஆப்கானிஸ்தானுக்குப் படை அனுப்பியது, ஒரு கட்டத்தில் 1,500 பேருக்கு மேல், உறுப்பினர் அல்லாத நாடுகளில் அதுதான் பெரிய படை. போனதும் ஹெல்மண்ட் மாதிரி மோசமான இடத்துக்கு. 32 பேர் உயிரோடு திரும்பவில்லை.

சரி, பதிலுக்கு என்ன கிடைத்தது? நன்றி கிடைத்தது, 2015-இல் தலைநகர் திபிலிசி பக்கத்தில் ஒரு பயிற்சி மையம் கிடைத்தது. ஆனால் 2010-இல் லிஸ்பனில் நேட்டோ தன் புதிய வியூக ஆவணத்தை வெளியிட்டபோது அதில் என்ன எழுதியிருந்தார்கள் தெரியுமா, யூரோ அட்லாண்டிக் பகுதி, அதாவது ஐரோப்பாவும் வட அமெரிக்காவும், இன்று அமைதியாக இருக்கிறது என்று! ஜார்ஜியாவில் குண்டு விழுந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. ரத்தம் கொடுத்தவன் சொன்னது காதில் ஏறவில்லை, அவ்வளவுதான்.

இப்போது பின்லாந்தைப் பாருங்கள். 2023-இல்தான் சேர்ந்தார்கள், ஆனால் 2017-இலேயே ஹெல்சிங்கியில் ஒரு மையம் திறந்துவிட்டார்கள். பொய்ச் செய்தி, சைபர் தாக்குதல் மாதிரி, போர் என்று அறிவிக்காமலே நடத்துகிற போரை ஆராய்வதற்கு. நேட்டோ நாடுகளும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளும் அங்கே வந்து உட்கார்ந்தன, வீட்டுக்காரர் உறுப்பினரே இல்லை! அப்புறம் அவர்களுடைய பதுங்குமிடங்கள். நாடு முழுக்க 50,000-க்கு மேல். கிழக்கு ஹெல்சிங்கியில் ஒன்று பாறைக்குள் இருக்கிறது, சாதாரண நாளில் அது நீச்சல்குளம், பிள்ளைகள் டைவ் அடிக்கிறார்கள், ஆபத்து வந்தால் தண்ணீரை வடித்துவிட்டு ஆட்களை உள்ளே அனுப்பலாம். மின்சாரம், தண்ணீர், சாப்பாடு நிற்காமல் நாட்டை ஓட்டுவதும் பாதுகாப்புதான் என்று 2016 வார்சா மாநாட்டில் நேட்டோ நாடுகள் உறுதி எடுத்துக்கொண்டன. அதை பின்லாந்துதான் எழுதிக் கொடுத்தது என்று நான் சொல்லவில்லை, ஆனால் அந்தப் பாடத்தைப் பல வருடம் முன்னாடியே படித்து முடித்தவர்கள் அவர்கள்.

உக்ரைன் இன்னும் ஒருபடி மேலே. 2023-இல் வில்னியுஸ் மாநாட்டில், இரு தரப்பும் சேர்ந்து உட்கார்ந்து பேசும் நேட்டோ உக்ரைன் கவுன்சில் வந்தது, அவசரம் என்றால் உக்ரைனே கூட்டத்தைக் கூட்டலாம். 2025 பிப்ரவரியில் போலந்தின் பிட்கோஷ்ச் நகரத்தில் இரு தரப்பும் சேர்ந்து நடத்தும் மையம் திறந்தார்கள், போர்க்களத்தில் கற்றதை நேட்டோ பயிற்சிக்குள் கொண்டுபோவதுதான் அதன் வேலை.

அதே வருடம் செப்டம்பர் 9 ராத்திரி ரஷ்ய ட்ரோன்கள் போலந்துக்குள் வந்தன. அதில் சில பிளைவுட்டும் நுரைப்பஞ்சும் வைத்துச் செய்த பொம்மை மாதிரியான சாமான். அவற்றைச் சுட எஃப்-35 போர் விமானம் எழுப்ப வேண்டியிருந்தது. கொசு அடிக்கப் பீரங்கி! பத்து நாளுக்குள் போலந்தின் பாதுகாப்பு அமைச்சர் உக்ரைன் தலைநகர் கீவில் நின்று ட்ரோன் ஒத்துழைப்புக்குப் புரிந்துணர்வு ஒப்பந்தம் போடுகிறார். உறுப்பினர் நாடு, வாசலில் நிற்பவனிடம் டியூஷனுக்குப் போகிறது.

என் கணக்கு இதுதான்: ஆள் அனுப்பினால் கைகுலுக்குவார்கள், அவர்களுக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்து வைத்திருந்தால் நாற்காலி போடுவார்கள். கொடுமை என்னவென்றால், உக்ரைன் அதைக் கற்றுக்கொண்டது தன் வீட்டுக் கூரையில் ட்ரோன் விழுந்துதான். 2024 வாஷிங்டன் மாநாட்டில் உக்ரைன் உறுப்பினராகும் பாதை இனி திரும்பாது என்று சொன்னார்கள், அங்கேயும் தேதி போடவில்லை.

மழை விட்டுவிட்டது போல. வாசலில் நிற்கும் இன்னொரு நாடு போஸ்னியா, அதன் கதை வேறு மாதிரி, உள்நாட்டிலேயே இழுபறி, அதை அடுத்த வீடியோவில் பேசுகிறேன்.