மைதானம் போன பிறகும் மிஞ்சிய கிளப்

(ஒரு நூலக அரங்கில், கால்பந்து ஆர்வலர்கள் முன் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

2020 நவம்பர் 3. தென்மேற்கு லண்டனில் பிளவ் லேன் என்ற தெருவில் புதிதாகக் கட்டிய மைதானத்தில் முதல் ஆட்டம். ரசிகர்களே ஆரம்பித்த கால்பந்து கிளப்பான ஏஎஃப்சி விம்பிள்டனும் டான்காஸ்டர் ரோவர்ஸும் மோதி, 2-2 என்று சமனில் முடிந்தது. அந்தத் தெருவுக்குத் திரும்பி வர விம்பிள்டன் ரசிகர்கள் 29 வருஷம் காத்திருந்தார்கள். வந்து சேர்ந்த அன்றைக்கு உள்ளே ஒரு ரசிகர்கூட இல்லை. கொரோனா காலம், கேட்டைப் பூட்டிவிட்டுத்தான் ஆடினார்கள்.

நான் இங்கே, நள்ளிரவு தாண்டிய நேரத்தில், இயர்போனில் வர்ணனை கேட்டுக்கொண்டிருந்தேன். கையில் விம்பிள்டன் ரசிகர்களின் வாட்ஸ்அப் குழு. ஒருவர் தன் பழைய மஞ்சள் நீல மஃப்ளரை டிவிக்கு மேலே விரித்துப் படம் அனுப்பினார். அடுத்த அரை மணி நேரத்தில் வரிசையாக டிவிகள், வரிசையாக மஃப்ளர்கள். சுவரில் மாட்டிய டிவி, சமையலறை அலமாரியில் சாய்த்து வைத்த டேப்லெட், ஒரு ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்து மேஜையில் நிற்கும் செல்போன். காலி நாற்காலிகளுக்கு முன்னால் ஆடிய அந்த ஆட்டத்துக்கு நான் அறிந்த கேலரி அதுதான்.

எப்படி இப்படி ஒரு கூட்டம் உருவானது? அதைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

பழைய விம்பிள்டன் கிளப்பை உங்களில் மூத்தவர்கள் அறிந்திருப்பீர்கள். 1977 வரை தொழில்முறை லீகுக்கு வெளியே இருந்த சின்ன அணி. 1986இல் முதல் டிவிஷனுக்கு வந்தது. 1988 எஃப்ஏ கோப்பை இறுதியில் லிவர்பூலை 1-0 என்று வென்றது. லாரி சான்செஸ் தலையால் முட்டிய கோல், லிவர்பூலின் ஆல்ட்ரிட்ஜ் அடித்த பெனால்டியை விம்பிள்டன் கோல்கீப்பர் டேவ் பீசன்ட் பாய்ந்து தடுத்தது, இரண்டையும் இன்றைக்கும் பேசுகிறார்கள். 1991இல் பிளவ் லேனை விட்டுக் கிளம்பி, கிரிஸ்டல் பேலஸின் மைதானத்தில் ஒண்டுக்குடித்தனம். கடைசியில் முதலாளிகள் கிளப்பையே சுமார் 90 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மில்டன் கீன்ஸ் என்ற ஊருக்குக் கொண்டுபோக முடிவு செய்தார்கள். 2002 மே 28 அன்று, இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் அமைத்த மூன்று பேர் அடங்கிய ஆணையம் அதற்கு அனுமதி கொடுத்தது. ரசிகர்கள் புதிதாக ஒரு கிளப்பை ஆரம்பிப்பது கால்பந்தின் பரந்த நலனுக்கு உகந்ததல்ல என்றும் அந்த ஆணையத்தின் அறிக்கை எழுதிவைத்தது.

அதற்கு ரசிகர்கள் பதில் சொன்ன வேகத்தைப் பாருங்கள். ஏஎஃப்சி விம்பிள்டன் என்ற புது கிளப்பை அவர்களே ஆரம்பித்தார்கள். ஒரே மாதத்தில், ஜூன் 29 அன்று, விம்பிள்டன் காமன் என்ற பொதுப் புல்வெளியில் ஆட்டக்காரர்களைத் தேர்வு செய்தார்கள். யார் வேண்டுமானாலும் வரலாம் என்று அறிவித்தார்கள். சுமார் 230 பேர் வந்து நின்றார்கள். ஜூலை 10 அன்று சட்டன் யுனைட்டடுடன் முதல் ஆட்டம். வரிசை நீண்டுகொண்டே போனதால் ஆட்டத்தைத் தாமதமாக ஆரம்பித்தார்கள். 4,657 பேர் வந்தார்கள். அணி 0-4 என்று தோற்றது.

ஆறு வாரத்தில் இது நடந்தது சும்மா இல்லை. அதற்கு முன்பே, இடமாற்றத்துக்கு எதிர்ப்பு நடந்த காலம் முழுக்க ரசிகர்கள் இணையத்தில் தினமும் பேசிக்கொண்டிருந்தார்கள். யார் கணக்கு பார்ப்பவர், யார் வக்கீல், யாருக்கு அச்சகம் தெரியும், யாரிடம் வேன் இருக்கிறது என்பதெல்லாம் ஒருவருக்கொருவர் ஏற்கெனவே தெரிந்திருந்தது. அடி விழுந்த மறுநாள் அறிமுகம் செய்துகொண்டு நேரத்தைப் போக்கவில்லை. என் கணிப்பில், அந்தக் கிளப்பின் உண்மையான அஸ்திவாரம் அதுதான்.

சரி, இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தோற்ற அன்று ஆட்டக்காரரின் குடும்பத்தைக்கூட இழுத்துத் திட்டும் குழுக்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், நாள் முழுக்கப் பேசுகிறார்கள். அதைப் பிணைப்பு என்று என்னால் ஏற்கமுடியவில்லை. கிளப்புக்காக ஒரு சனிக்கிழமை எழுந்து போய் டிக்கெட் கிழித்துக் கொடுப்பவர்கள் இருக்கும் குழுவின் பேச்சு வேறு மாதிரி இருக்கிறது. கேட்டவுடன் தெரியும்.

ஏஎஃப்சி விம்பிள்டன் இங்கிலாந்து லீகுகளின் ஒன்பதாவது அடுக்கில் ஆரம்பித்தது. 2003 பிப்ரவரி முதல் 2004 டிசம்பர் வரை 78 லீக் ஆட்டங்களில் தோல்வியே இல்லை. 2011இல் லூட்டனைப் பெனால்டிகளில் வென்று தொழில்முறை லீகுக்குள் நுழைந்தது. கிளப் டான்ஸ் டிரஸ்ட் என்ற ரசிகர் அறக்கட்டளையின் கையில் இருக்கிறது. உறுப்பினர் ஒருவருக்கு ஒரு வாக்கு.

இதற்கிடையில் இந்தக் கதை கடல் தாண்டியும் போனது. அமெரிக்காவில் இந்தியானாபோலிஸில் இருக்கும் எழுத்தாளர் ஜான் கிரீன், யூடியூபில் ஃபிஃபா வீடியோ கேமை இந்த அணியை வைத்தே ஆடிக்காட்டினார். அதில் வந்த விளம்பர வருமானத்தைக் கிளப்புக்கே கொடுத்து ஸ்பான்சர் ஆனார். அப்போது கிளப் ஆடிய கிங்ஸ்மெடோ மைதானத்தில் ஒரு ஸ்டாண்டுக்கு அவர் பெயரை வைத்தார்கள். அவரைப் பின்தொடர்ந்த பிள்ளைகளில் பல பேர் லண்டனையே பார்த்திராதவர்கள். அவர்கள் செலவழித்த நேரம் ஒரு சின்ன கிளப்பின் கஜானாவுக்குப் போயிருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது பணம் திரட்டிய கதைதான். பிளவ் லேன் மைதானத்தைக் கட்டி முடிக்கப் பணம் போதவில்லை. வெளி முதலீட்டாளர்களிடம் பங்கு விற்றால் சீக்கிரம் கிடைக்கும், ஆனால் கிளப் கையைவிட்டுப் போய்விடும். ஒரு முறை போய்ப் பட்டவர்கள் அல்லவா! ரசிகர்களே ஒரு பத்திரத் திட்டம் போட்டார்கள். குறைந்தது 1,000 பவுண்டு கடன் கொடுக்கலாம். வட்டியைக் கொடுப்பவரே தேர்ந்தெடுக்கலாம்: பூஜ்யம் முதல் 4 சதவீதம் வரை. 2020இன் ஆரம்பத்தில் இதில் 50 லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. வட்டியே வேண்டாம் என்ற ஒரு கட்டத்தைப் படிவத்தில் வைக்க வேண்டுமானால், எதிரே இருப்பவர்மேல் எவ்வளவு நம்பிக்கை வேண்டும்!

அந்த வருஷம் மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் இதே ரசிகர்கள் சூப்பர் மார்க்கெட் வாசல்களில் நின்று உணவுப் பொருள் சேகரித்து வீடுகளுக்குக் கொடுத்தார்கள். அப்புறம் பழைய லேப்டாப்களைச் சரிசெய்து, வீட்டில் படிக்கும் பிள்ளைகளிடம் சேர்த்தார்கள்.

எங்கள் குழுவில் ஒரு பெரியவர் இருக்கிறார். 2002இல் சட்டனில் வரிசையில் நின்றவர். இப்போது முழங்கால் ஒத்துழைப்பதில்லை, மைதானத்துக்குப் போவதில்லை. ஆட்ட நாளில், இங்கே இரவு எட்டு எட்டரை ஆகும்போது, மைதானத்தில் இருக்கும் யாராவது அவருக்காக ஒரு படம் அனுப்புவார்கள்: நுழைவாயில், டீ கப், அவர் உட்கார நினைத்த வரிசை. அவர் அணிப் பட்டியலைப் பார்த்து நாலு வரி எழுதுவார். தடுப்பாட்டத்தைப் பற்றி அவர் எழுதுவது எனக்குப் பல நாள் பாடம். நான் அவரை நேரில் பார்த்ததே இல்லை. ஒரு வாரம் அவர் எழுதவில்லை என்றதும் மூன்று நாட்டிலிருந்து அவர் வீட்டுக்கு போன் போனது. காய்ச்சல்தான்.

2025 மே 26, வெம்பிளி மைதானத்தில் வால்சால் அணியை 1-0 என்று வென்று அணி மூன்றாவது அடுக்குக்கு ஏறியது. குழுவில் செய்திகள் கொட்டிக்கொண்டிருந்தன. பெரியவர் ரொம்ப நேரம் ஒன்றும் எழுதவில்லை. பிறகு ஒரே ஒரு வரி வந்தது: அடுத்த சீசனுக்கு உறுப்பினர் சந்தாவை யார் யார் புதுப்பித்துவிட்டீர்கள் என்று கேட்டிருந்தார்.

நன்றி. வணக்கம்.