ஓரிரு இடங்களில் மழை: அந்த ஓரிரு இடம் எது?

(காங்கேயத்தில் கொப்பரைக் களத்துக்காரர்களும் விவசாயிகளும் கூடியிருந்த ஒரு மாலையில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கமுங்க. சித்திரை வெயில் இறங்கட்டும் என்று ஆறு மணிக்கு மேல் கூட்டம் வைத்ததற்கு முதலில் நன்றி.

இங்கே பாதிப் பேர் கொப்பரைக் களம் வைத்திருக்கிறீர்கள். உங்கள் கோபம் எனக்குத் தெரியும். "கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் மழை" என்று செய்தியில் சொன்னதும் ஆளைக் கூப்பிட்டுத் தார்ப்பாய் போட்டு மூடுகிறீர்கள். ஒரு பொட்டு விழுவதில்லை. மறுநாளும் அதையேதான் சொல்கிறார்கள். அட போங்கப்பா என்று திறந்து போட்டால் நாலு மணிக்குக் கொட்டித் தீர்த்துவிடுகிறது. நனைந்த கொப்பரையில் பூசணம் பிடித்தால் என்ன விலைக்குக் கேட்பார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அந்த அறிவிப்பு உண்மையில் என்ன சொன்னது? வானிலை ஆய்வு மையம் 'ஓரிரு இடங்களில்' என்றால், அந்தப் பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் கால் பங்கு வரைக்கும் மழை பதிவாகலாம் என்பது கணக்கு. 'பெரும்பாலான இடங்களில்' என்றால் முக்கால் பங்குக்கு மேல். ஆக, ஓரிரு இடம் என்று சொன்ன அன்றைக்கு முக்கால்வாசிப் பேருக்கு மழை கிடையாது என்பதும் அந்த அறிவிப்புக்குள்ளேயே இருக்கிறது. அது மாவட்டத்துக்குச் சொன்னது. நாம்தான் நம் களத்துக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்கிறோம்.

சரி, எந்தக் கால் பங்கு என்று முதல் நாளே சொல்லிவிட்டால் என்ன? சொல்ல முடியாது. கோடை மழை பிறக்கிற விதம் அப்படி. வெயில் காற்றை நேரடியாக அவ்வளவாகச் சூடாக்குவதில்லை. தரையைச் சுடுகிறது, தரைதான் காற்றைச் சுடுகிறது. சூடான காற்று லேசாகி மேலே ஏறுகிறது. கிழக்கே வங்கக் கடலிலிருந்து வரும் ஈரக் காற்றும் மேற்கிலிருந்து வரும் காற்றும் உள்மாவட்டங்களின் மேல் சந்திக்கிற நாளாக அது இருந்தால், ஏறுகிற காற்றில் ஈரமும் சேர்ந்து போகும். மேலே போய்க் குளிர்ந்து நீர்த்துளியாகும். அப்படி ஆகும்போது வெளியாகிற வெப்பம் காற்றை இன்னும் மேலே தள்ளும். மத்தியானம் தாண்டினால் பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்துக்கு மேகம் நிற்கும். ஆனால் அதன் அகலம் சில கிலோமீட்டர்தான், ஆயுசும் ஒரு மணி நேரம் போல. ஊதியூரில் பெய்து காங்கேயத்தில் வெயிலடிப்பது அதனால்தான். உலை கொதிக்கும் என்று சொல்லலாம். முதல் குமிழி எந்த மூலையில் கிளம்பும் என்று யாரால் சொல்ல முடியும்? ஐப்பசியில் வருகிற புயல் சின்னம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் விரிந்தது. அதை நாலு நாள் முன்பே சொல்வதும் இதைச் சொல்வதும் ஒன்றல்ல.

கோபி, சத்தி பக்கம் வாழை வைத்திருப்பவர்களுக்கு மழையைவிடக் காற்றுதான் பயம். அந்தக் காற்றும் இதே மேகத்திலிருந்து வருவதுதான். விழுகிற மழைத்துளியில் கொஞ்சம் வழியிலேயே ஆவியாகும். அதில் காற்று சட்டென்று குளிர்ந்து, கனத்து, கீழே விழும். தரையில் மோதி நாலாபக்கமும் பாயும். மழைக்கு முன்னால் சில்லென்று ஒரு காற்று வருமே, நாம் திண்ணையில் உட்கார்ந்து சுகமாக இருக்கிறது என்போமே, அதுதான் வேகம் கூடினால் தார் போட்ட வாழையைச் சாய்க்கிறது.

வெயிலைப் பற்றியும் கேட்டீர்கள். கோவையைவிட ஈரோடும் கரூர் பரமத்தியும் ஏன் அதிகம் காய்கின்றன? கோவை கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 400 மீட்டர். ஈரோடு 200 மீட்டருக்கும் கீழே. அந்த உயர வித்தியாசமே ஒன்று, ஒன்றரை டிகிரி கொடுத்துவிடும். மீதி பாலக்காட்டுக் கணவாயின் வேலை. ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலை வழிவிட்டிருக்கிறது. மே மாதத்தில் மேற்குக் காற்று அதன் வழியே நுழையத் தொடங்கினால் பொள்ளாச்சியும் பல்லடமும் தணியும், உடுமலைக் காற்றாலைகள் சுற்றும். ஈரோடு போய்ச் சேர்வதற்குள் அந்தக் காற்று காய்ந்துவிடும். கத்திரிதான் உச்சம் என்பது கோவைக்குப் பெரும்பாலும் பொருந்தாது. அங்கே சராசரியில் ஏப்ரல்தான் மே மாதத்தைவிடச் சூடு. நாம் 11 பாகை வடக்கில் இருப்பதால் ஏப்ரல் மூன்றாம் வாரமே சூரியன் உச்சந்தலைக்கு நேரே வந்துவிடுகிறது.

இன்னொன்று. செய்தியில் சொல்கிற 40 டிகிரி, காற்றோட்டமுள்ள வெள்ளை மரப்பெட்டிக்குள், தரையிலிருந்து நாலடி உயரத்தில், நிழலில் எடுத்தது. வெயிலில் நிற்கிற காரின் மீட்டர் 46 காட்டுகிறது என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

களத்துக்காரர்கள் காலைச் செய்தியோடு நிறுத்தாமல், மத்தியானத்துக்கு மேல் வருகிற 'அடுத்த 3 மணி நேரத்தில்' என்ற அறிவிப்பைப் பாருங்கள். மேகம் கிளம்பியதைப் பார்த்தபிறகு சொல்வது அது. தார்ப்பாய்க்கு ஆள் கூப்பிட அதுவே போதும். மின்னல் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். இடி வர 3 விநாடி ஆனால் ஒரு கிலோமீட்டர் தூரம். 30 விநாடிக்குள் இடி கேட்டால் களத்தில் யாரும் நிற்க வேண்டாம், தென்னை அடியிலும் ஒதுங்க வேண்டாம், கட்டடத்துக்குள் போய்விடுங்கள். மூடாத கொப்பரை மூடாமலே கிடக்கட்டும். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் தாமினி செயலி, நாம் இருக்கிற இடத்தைச் சுற்றி மின்னல் விழுவதைக் காட்டும். அதை எப்படி இறக்குவது என்று முன்வரிசையில் ஒரு பெரியவர் ரொம்ப நேரமாக ஃபோனை நீட்டிக்கொண்டே இருக்கிறார். கேள்விகளை அவரிடமிருந்தே ஆரம்பிக்கலாமுங்க.