ஊதிய காற்றுக்கு ஒரு கணக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

மருத்துவமனையில் நுரையீரல் பரிசோதனை எடுக்கும் டெக்னீஷியன் நான். மூக்கில் கிளிப்பை மாட்டி, வாயில் குழாயைக் கொடுத்து, "நல்லா இழுங்க... இப்ப ஊதுங்க! விடாதீங்க, இன்னும், இன்னும்!" என்று சத்தம் போடுகிற ஆள். நோய் இன்னதென்று முடிவு சொல்ல வேண்டியவர் மருத்துவர். ஆனால் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் முகம் வாடுவதை முதலில் பார்ப்பவன் நான்தான். அதனால் அந்தத் தாளைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம் என்று வந்தேன்.

38 வயது அம்மா ஒருவர். விடியற்காலை 4 மணிக்கு இருமல் வந்து எழுந்து உட்கார்ந்துவிடுவார். மருத்துவர் ஆஸ்துமா என்று சொல்லியிருந்தார். ஊதி முடித்துத் தாளை வாங்கியவர், எஃப்.இ.வி.1 என்ற வரியில் 68 சதவீதம் என்று இருந்ததைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, மீதி 32 போயிடுச்சா?"

ஒன்றும் போகவில்லை. எஃப்.இ.வி.1 என்பது முதல் ஒரு நொடியில் நாம் வெளியே தள்ளும் காற்று. அவர் தள்ளியது 1.50 லிட்டர். அவருடைய வயதும் உயரமும் உள்ள ஆரோக்கியமான பெண்களின் சராசரி 2.20 லிட்டர் என்று கருவி கணக்குப் போடுகிறது. 2.20-ல் 1.50 என்பது 68 சதவீதம், அவ்வளவுதான். சராசரி என்பதால், எந்த நோயும் இல்லாதவர்களிலேயே ஏறக்குறைய பாதிப் பேர் 100-க்குக் கீழேதான் இருப்பார்கள். 1846-ல் லண்டன் மருத்துவர் ஜான் ஹட்சின்சன் ஆயிரக்கணக்கானவர்களை ஊதவைத்து, உயரம் கூடக் கூடக் காற்றின் அளவும் கூடுவதைக் காட்டினார். இன்றும் அந்தக் கணக்கில் உயரம் முக்கியம். ஆகவே தாளின் மேலே உங்கள் வயதும் உயரமும் சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உயரம் தப்பாக ஏறியிருந்தால் கீழே உள்ள சதவீதமும் தப்பாகிவிடும்.

அடுத்த வரி எஃப்.வி.சி. முழுக்க ஊதி முடிக்கும்வரை வந்த மொத்தக் காற்று. அந்த அம்மாவுக்கு அது 2.40 லிட்டர். மொத்தத்தில் எத்தனை பங்கு முதல் நொடியில் வந்தது என்பதுதான் மூன்றாவது வரியில் இருக்கும் விகிதம். பெரியவர்களுக்குப் பொதுவாக 75, 80 சதவீதத்துக்கு மேல் இருக்கும். குழந்தைகளுக்கு 90-க்கு மேல். வயதாக ஆகக் கொஞ்சம் இறங்கும். இவருக்கு 63-க்கும் கீழே. வாய் குறுகிய கூஜாவைக் கவிழ்த்தால் தண்ணீர் மெதுவாகத்தானே வரும்? அதுபோல, காற்று இருக்கிறது, வரும் வழிதான் நெருக்கம். பக்கத்தில் உள்ள வரைபடத்திலும் அது தெரியும். நேராக இறங்க வேண்டிய கோடு கொடிக்கயிறு மாதிரி நடுவில் தொய்ந்திருக்கும்.

அப்புறம், ஆஸ்துமாக்காரர்கள் அவசியம் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. மருந்துக்கு முன், மருந்துக்குப் பின் என்று இரண்டு பத்திகள். மூச்சுக்குழாயை இளக்கும் சால்பியூட்டமால் மருந்தை இன்ஹேலரில் 4 பஃப் கொடுத்து, கால் மணி நேரம் பெஞ்சில் உட்காரவைத்து, மறுபடி ஊதச் சொன்னேன். 1.86 லிட்டர். அதாவது 360 மில்லி கூடுதல், 24 சதவீத ஏற்றம். பெரியவர்களுக்கு 12 சதவீதமும் 200 மில்லியும் ஏறினாலே மூச்சுக்குழாய் மருந்துக்கு இளகுகிறது என்று வெகுகாலமாக எடுத்துக்கொள்கிறார்கள். "பாருங்கம்மா, போனது திரும்பி வருமா?" என்று கேட்டேன். அப்போதுதான் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

ஆனால் மூச்சுக்குழாயைச் சுற்றி இறுகிய தசை இளகுவது ஒன்று; குழாயின் உள்சுவரில் உள்ள வீக்கம் வடிவது வேறொன்று. வீக்கத்துக்கு மருத்துவர் எழுதிக்கொடுக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர் வேண்டும், வாரக்கணக்கில் நேரமும் வேண்டும்.

எனக்குப் பெரிய கவலை 68 வந்தவர்களைப் பற்றி இல்லை. "ரிப்போர்ட் நார்மல், அப்போ ஆஸ்துமா இல்லை" என்று இன்ஹேலரைத் தூக்கிப் போடுகிறவர்களைப் பற்றித்தான். ஆஸ்துமா வேளைக்கு வேளை மாறும். காலை 11 மணிக்கு என் முன்னால் ஊதுகிற மூச்சும் விடியற்காலை 4 மணி மூச்சும் ஒன்றில்லை. வரும் வழியில் ரெண்டு பஃப் எடுத்துவிட்டு வந்தாலும் எண் நன்றாகத் தெரியும். எந்த மருந்தை எத்தனை மணி நேரம் நிறுத்துவது என்று மருத்துவரிடம் முன்பே கேளுங்கள். மூச்சுக்கு முடியாமல் எடுத்துவிட்டால் பரவாயில்லை, எங்களிடம் சொல்லிவிடுங்கள். நிறுத்தி நிறுத்தி ஊதினாலும் எண் மாறும். குறைந்தது 3 தடவை ஊதச் சொல்லி நாங்கள் பிடிவாதம் பிடிப்பது அதனால்தான்.

வீட்டில் ஊதிப் பார்க்க பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சின்னக் குழாய் கிடைக்கிறது. உடம்பு நன்றாக இருக்கும் நாட்களில் நீங்கள் ஊதிய உச்ச அளவுதான் உங்கள் கணக்கு. அதில் 80 சதவீதத்துக்குக் கீழே வந்தால் கவனம். மருத்துவர் சொன்னபடி செய்யுங்கள். பாதிக்கும் கீழே போனால் நிவாரண இன்ஹேலரை எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

அந்த அம்மா 3 மாதம் கழித்து வந்தார், பழைய தாளை பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக வைத்துக்கொண்டு. இந்தத் தடவை மருந்துக்கு முன்பே 2.05 லிட்டர், 93 சதவீதம். பின்னால் 2.10. மறுபடி முகம் வாடியது. "போன தடவை 360 ஏறிச்சு, இப்ப 50தானே தம்பி?"

"குழாய் ஏற்கெனவே திறந்திருக்கும்மா, இனி ஏற இடமில்லை" என்றேன். இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். "ராத்திரி தூங்குறேன் தம்பி" என்றார்.

நன்றி, வணக்கம்.