மூட்டைக்கும் ஓர் இடம்

நெல்லை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

ராத்திரி பதினோரு மணிக்கு மேல் ஜங்ஷன் ரயில் நிலைய வாசல், வேய்ந்தான்குளம் புதிய பஸ் நிலையம், ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிச் சுற்றுச்சுவர், குறுக்குத்துறை மண்டபம் என்று ஒரு சுற்று வந்தால், வெறுந்தரையில் படுத்திருப்பவர்கள் எத்தனை விதம் என்று தெரியும். பகலெல்லாம் மூட்டை தூக்கியவர் இருப்பார். கல்யாண வீட்டில் பந்தி பரிமாறிவிட்டு வந்து படுத்தவர் இருப்பார். மகனோடு ஒத்துப்போகாமல் கிளம்பி வந்த ஆச்சி இருப்பார். மனம் கலங்கி, சொந்த ஊர்ப் பெயரையே மறந்தவரும் இருப்பார். இத்தனை பேருக்கும் ‘பிச்சைக்காரர்’ என்று நாம் ஒரே பெயர் வைத்துவிடுகிறோம்.

உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-இல் நகரங்களுக்கு ஓர் அளவு சொன்னது: மக்கள்தொகையில் லட்சம் பேருக்கு, வீடில்லாதவர்களுக்கென்று ஒரு தங்குமிடம், 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும். 2013-இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கமும் அதே அளவை வைத்துக்கொண்டு, ஆளுக்குக் குறைந்தது 50 சதுர அடி என்று சேர்த்தது. ஐம்பது பேர் தங்க 2,500 சதுர அடி வேண்டும். 2011 கணக்கெடுப்பில் திருநெல்வேலி மாநகராட்சியின் மக்கள்தொகை ஏறத்தாழ 4,73,000. அதன்படி நமக்கு ஐந்து தங்குமிடம் வரும்.

கட்டடம் எழுப்புவது சுலபமான பகுதி. உள்ளே பாய் காலியாகக் கிடக்கும், வெளியே மழையில் ஆள் படுத்திருப்பார். இது ஏன் நடக்கிறது என்பதைத்தான் இன்று சொல்ல விரும்புகிறேன்.

முதல் காரணம் தூரம். விடியற்காலை நாலு மணிக்குக் காய்கறிச் சந்தையில் லோடு இறக்குகிறவரை ஊருக்கு வெளியே கொண்டுபோய்ப் படுக்க வைத்தால், மறுநாள் அவர் வரமாட்டார். அடுத்தது கதவு. ஒன்பது மணிக்குப் பூட்டிவிட்டால், பந்தி முடித்து வருகிறவருக்கு அந்தக் கதவு இல்லாததற்குச் சமம். மூன்றாவது, அவருடைய மூட்டை.

அந்த மூட்டையைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பாருங்கள். ஒரு பழைய சேலையில் கட்டியிருக்கும். உள்ளே ஒரு எவர்சில்வர் தட்டு, ஈரம் காயாத துண்டு, பிளாஸ்டிக் உறையில் சுற்றிய ரேஷன் கார்டு நகல், எழுத்து அழிந்துபோன ஆஸ்பத்திரிச் சீட்டு. நாற்றம் அடிக்கிறது என்று இதைத் தூக்கி எறிகிற இடத்துக்கு அவர் இரண்டாம் முறை வரமாட்டார். அந்தச் சீட்டில்தான் அவருடைய சர்க்கரை மாத்திரையின் பெயர் இருக்கும். ஆகவே ஆளுக்கொரு தகரப் பெட்டி, ஒரு பூட்டு, சாவி அவர் கையில். துணியைத் துவைக்க வேண்டுமென்றால் அவரைக் கேட்டுவிட்டு, அவர் கண்ணெதிரே துவைக்க வேண்டும்.

முடிவெட்டுவதும் அப்படித்தான். வந்தவுடனே மொட்டையடித்து, குளிப்பாட்டி, ‘முன்பு, பின்பு’ என்று படம் எடுத்துப் போடுகிற பழக்கம் பெருகியிருக்கிறது. நல்ல மனசோடுதான் செய்கிறார்கள். ஆனாலும் அது தவறு. தலைமுடி அவருடையது. இரண்டு நாள் பொறுத்தால் பெரும்பாலும் அவரே கேட்பார்.

தங்குமிடத்துக்கு அழைக்கப் போகிறவர் டார்ச்சை முகத்தில் அடிக்கக் கூடாது. கொஞ்சம் தள்ளி, தரையில் உட்கார வேண்டும். “அண்ணாச்சி, ஒரு டீ குடிப்போமா?” என்று தொடங்கினால் போதும். பெயர், ஊர், சாதிச் சான்று எல்லாம் நாளைக்கு. முதல் ராத்திரி கேட்க வேண்டியவை மூன்று: எங்கே வலி, என்ன மாத்திரை, கடைசியாக எப்போது குடித்தீர்கள்.

மூன்றாவது கேள்வியைப் பலர் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள். அதனால் உயிர் போயிருக்கிறது. தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் ஆறு மணி நேரத்தில் கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாளை ஒட்டிப் பிதற்றலும் இல்லாததைக் காண்பதும் வரலாம். ‘உள்ளே வந்தால் குடிக்கக் கூடாது’ என்று விதி போட்டுக் கதவைப் பூட்டிவிட்டு, டாக்டருக்குச் சொல்லாமல் இருப்பது ஆபத்து. நடுக்கம் கண்டவுடனே 108-ஐ அழையுங்கள்.

பல நாள் பட்டினி கிடந்தவருக்கு இலை நிறையச் சோறு போடுவதும் ஆபத்துதான். உடம்பின் உப்புச்சத்து சட்டென்று குலைந்து இதயம் தடுமாறும். கொஞ்சம் கொஞ்சமாகக் கஞ்சி கொடுத்து, டாக்டரிடம் காட்டியபின் அளவைக் கூட்ட வேண்டும்.

சிரங்கு ஒருவருக்கு இருந்தால் அறையில் உள்ள எல்லாருக்கும் ஒரே ராத்திரியில் மருந்து போட வேண்டும். பெர்மெத்ரின் களிம்பை, டாக்டர் சொன்னபடி, கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை பூசி, காலையில் குளித்து, ஒரு வாரம் கழித்து மறுபடி பூச வேண்டும். அரிக்கிறவருக்கு மட்டும் பூசினால் திரும்ப வரும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனை, அதைத் தள்ளிப்போடவே கூடாது.

மனம் கலங்கியவரைப் போலீஸ் பாதுகாப்பில் எடுத்தால், 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்துக்குப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. வீடில்லாதவராக இருந்தால் காணாமல்போனவர் என்று வழக்குப் பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டியதும் அந்த ஸ்டேஷனின் பொறுப்பு. பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் பெரியவர்களோடு தங்கவைக்காமல் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்ல வேண்டும்.

இனி, வெளியே போகும் நாள். அதற்கான வேலையை முதல் வாரத்திலேயே தொடங்காவிட்டால், தங்குமிடம் ஒரு பெரிய திண்ணையாக நின்றுவிடும். ஆதார் இல்லாதவருக்கு, அங்கீகாரம் பெற்ற காப்பகத்தின் பொறுப்பாளர் கையெழுத்திட்ட சான்றை வைத்தே எடுக்கலாம். அது வந்தால் வங்கிக் கணக்கு, அதன்பின் முதியோர் உதவித்தொகைக்கு மனு. வாக்காளர் பட்டியலில் சேர வீட்டு முகவரிச் சான்றுகூட வேண்டாம். அவர் சொன்ன இடத்தில்தான் படுக்கிறாரா என்று வாக்குச்சாவடி அலுவலர் ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகளில் வந்து பார்த்தால் போதும். இந்த விதி இருப்பதே பலருக்குத் தெரியாது.

குடும்பத்தோடு சேர்ப்பதில் அவசரம் கூடாது. அவர் சம்மதம் இல்லாமல் வீட்டுக்குப் போன் செய்யாதீர்கள், அடிக்குப் பயந்து ஓடிவந்திருக்கலாம். முதலில் போனில் பேசட்டும், பிறகு அவர்கள் வந்து பார்க்கட்டும். டிக்கெட் எடுத்துத் தனியாகப் பஸ் ஏற்றிவிட்டால் பாதி வழியில் இறங்கிவிடுவார். அனுப்பிய ஒரு வாரத்திலும் ஒரு மாதத்திலும் விசாரிக்க வேண்டும். மூத்தோரைப் பிள்ளைகள் கைவிட்டிருந்தால் 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் பராமரிப்பு கேட்கலாம்.

ஐப்பசி பிறக்கும் முன்னே ஆற்றங்கரை மண்டபங்களில் யார் யார் படுக்கிறார்கள் என்று தெரிந்து வைத்துக்கொள்வது நம் ஊருக்கே உரிய வேலை. 2023 டிசம்பரில் தாமிரபரணி எப்படி ஏறியது என்பதை ஜங்ஷன்காரர்களிடம் சொல்ல வேண்டியதில்லை. கரையில் படுத்தவருக்கு எச்சரிக்கை வருகிற போன் கிடையாது. ஆள் போய்த்தான் எழுப்ப வேண்டும்.

இன்று ராத்திரி நீங்கள் ஒருவரைப் பார்த்தால், முதியவரென்றால் 14567, பெண்ணென்றால் 181, மயக்கமோ காயமோ இருந்தால் 108. மற்றவர்களுக்கு மாநகராட்சியில் சொல்லுங்கள். சொல்லும்போது ‘ஜங்ஷன்ல ஒருத்தர் கிடக்கார்’ என்றால் தேடி வருகிறவர் கண்டுபிடிக்க முடியாது. எந்தக் கடை வாசல், என்ன நிறத் துணி, எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள், கூப்பிட்டால் பதில் சொன்னாரா என்று சேர்த்துச் சொல்லுங்கள். வண்டி வரும்வரை பக்கத்தில் நில்லுங்கள்.

வணக்கம்.